மாடியில் கேட்ட சத்தம்

வீடு கட்டி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் விற்பனைக்கு என்று பலகை மாட்டிவிட்டேன். என் கணவருக்கு ஓசூரில் நல்ல வேலை கிடைத்திருந்தது; அவர் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவைத் தனியாக விட்டுப் போக முடியாது. கூட வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "நீங்க எங்கயோ நானும் அங்க" என்றார். அத்தோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டேன்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், மிராசுதார் குடும்பம் மனைகளாகப் பிரித்து விற்ற வயலில் கட்டிய வீடு. அதே வயலில் அப்பா பண்ணையாளாக ஏர் ஓட்டியிருக்கிறார். நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்துகிறவள். பார்த்துப் பார்த்துக் கட்டினேன். வெயில் அறையும் மேற்குப் பக்கம் இரட்டைச் சுவர். மாடித் தரையில் வெள்ளை ஓடு, அதற்கு மேல் சோலார் பேனல்கள். சித்திரையிலும் ஃபேன் போதும். இதையெல்லாம் விளம்பரத்தில் எழுதியபோது, எனக்கே அந்த வீட்டை வாங்கலாம் போலிருந்தது.

பார்க்க வந்தவர் துபாயில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பாய். நிதானமான மனிதர். அறைகளைப் பார்த்துவிட்டு, "பேனலையும் ஒரு தடவ பாத்துடலாமாங்க?" என்று கேட்டு மாடிக்குப் போனார். நான் டீ போடப் போனேன். வாங்க வருகிறவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வீடு முழுக்க அந்தக் கடகட சத்தம் கேட்டது.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து வாசலுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பதறிப்போய்ப் பின்னால் போனேன். அண்ணாந்து மாடியைப் பார்த்தபடி நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா, பிரிக்காதீங்கய்யா. புள்ளத்தாச்சி உள்ள படுத்துருக்கா. இனிமே கூலி கூட்டிக் கேக்க மாட்டேங்கய்யா."

உள்ளே யாரும் இல்லை. புள்ளத்தாச்சி என்றது செத்துப்போன என் அம்மாவை. அன்று அவள் வயிற்றில் இருந்தது நான்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதாரின் ஆட்கள் எங்கள் குடிசைமேல் ஏறிக் கீற்றைப் பிரித்துப் போட்டது எனக்குத் தெரியும். குடிசை நின்ற மண் அவர்களுடையது; கூரையைப் பிரித்தால் ஊரைவிட்டுப் போ என்று அர்த்தம். அப்பா அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கதையில் செங்கொடியோடு நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றார். கெஞ்சினேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிறகு சென்னையில் ஆட்சி மாறியது, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, நான் படித்தேன். எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

பாய் இறங்கி வந்தார். "பெரியவரே, நான் எதையும் பிரிக்கலங்க. வீடு பாக்க வந்தேன்," என்று சொல்லி, கூப்பிய கைகளைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார். அப்பா குனிந்து தன் இடுப்புத் துண்டைப் பார்த்தார். அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அவசரமில்லங்க, யோசிச்சு சொல்லுங்க," என்று பாயும் கிளம்பினார்.

சாயங்காலம் அப்பாவே பேச்சை எடுத்தார். "நம்மள யாரும்மா போகச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. நாமளாத்தான் போறோம்."

வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்தார். "யாரும் வெரட்டாம ஒரு வீட்ட விட்டுப் போறது எப்புடின்னு எனக்குத் தெரியலம்மா."

கொல்லைப்பக்கம் போய் அழுதேன். பிறகு வாசல் பலகையைக் கழற்றிவிட்டு, ஓசூருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். வீட்டை விற்கப்போவதில்லை என்றேன். என் கணவர் கோபப்படவில்லை.

"அப்ப நானு?" என்று மட்டும் கேட்டார்.

"வாரா வாரம் வந்துட்டுப் போங்க," என்றேன். விருந்தாளியிடம் சொல்வதுபோல் இருந்தது எனக்கே.