கூட வந்த ஆள்

கணக்கெடுக்க வருகிறார்கள் என்ற அன்று பெரியப்பா விடிந்ததுமே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. அவருடைய அப்பா கல்யாணச் செலவுக்கு வாங்கிய முன்பணத்துக்காக ஒரே தோட்டத்தில் சாகும்வரை பண்ணையாளாகக் கிடந்தவர். பெரியப்பாவும் பால்பல் விழும் முன்பே அங்கே ஆடு மேய்க்க விடப்பட்டவர்தான். இப்படிக் கொத்தடிமையாக இருந்தவர்களின் வாரிசுகள் எத்தனை பேர், என்ன படித்தார்கள், சொந்த நிலம் உண்டா என்று தனியாக விசாரிக்கப் போகிறார்கள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை எல்லாக் கணக்கிலும் நாங்கள் வெறும் விவசாயக் கூலிகள். "கூலிக்காரன் புடிக்கலீன்னா வேற தோட்டத்துக்குப் போயிருவான். எங்கப்பனால போவ முடிஞ்சுதா? அதச் சொல்லாம உடமாட்டேன் சாமி" என்று முந்தின நாள் முழுக்க என்னிடம் பேசித் தீர்த்தார். ஆரம்பித்தால் லேசில் நிறுத்துகிற மனிதரில்லை.

வந்தார்கள். கணக்கெடுக்கும் பையன் வெளியூர்க்காரன். தெரு தெரியாது என்று வழிகாட்ட ஒருவரைக் கூட்டிவந்திருந்தான். யாரை? தாத்தாவைப் பண்ணையாளாக வைத்திருந்த அதே தோட்டத்து முதலாளியின் பேரனை! அடித்தவன் வீட்டு ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அடி விழுந்ததா என்று கேட்கிற புத்தியை யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ. பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. "உங்க குடும்பத்துல யாராவது கொத்தடிமையா இருந்தாங்களா?" என்று பையன் கேட்டான். பேரன் சிரித்தான். "எங்க தாத்தா இவங்கள ஊட்டுப் புள்ளைங்க மாதிரி வெச்சிருந்தாருங்க. என்னப்பா, நாஞ் சொல்றது செரிதான?" அவனுக்கு என் வயதுகூட இருக்காது. "ஆமாங்க சாமி" என்றார் பெரியப்பா. பையன் போனில் 'இல்லை' என்பதைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரியப்பாவைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். நேற்றுப் பேசின வாய் எங்கே போயிற்று என்று கத்தினேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "நீ மத்தியானம் பஸ் ஏறி சூரமங்கலம் போயிருவ. நாங்க நாளைக்கும் அவுங்க தோட்டத்து வழியாத்தான நடக்கோணும்" என்றார். எங்கள் தெருவுக்கு வேறு வழி கிடையாது. அது எனக்கும் தெரியும். அதன் பிறகு அவர்மேல் கோபப்பட முடியவில்லை. இப்போது அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கணக்கின் மேல் எனக்குள்ள கோபம் மட்டும் ஆறவே இல்லை.

போன மாதம் சேலத்தில் இதற்காகவே ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் கொத்தடிமைக் குடும்பம் என்று ஒன்றுகூடப் பதிவாகவில்லையாம். அதனால் வீடு கட்டவோ பிள்ளைகள் படிக்கவோ தருகிற எந்த உதவியும் எங்கள் தெருவுக்குக் கிடையாதாம். நான் எழுந்து நடந்ததை அப்படியே சொன்னேன். மறுபடியும் எடுங்கள் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இந்த முறை இன்னும் விரிவாக, குடும்பம் குடும்பமாக விசாரிக்கப்போவதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. "கவலப்படாதீங்க மேடம்" என்றார். "ஜனங்க தைரியமாப் பேசணுமில்லீங்களா? ஊர்ல மதிப்பான ஒருத்தரக் கூடவே அனுப்பறோம்."