ஆடி அமாவாசைக்கு நூற்றிருபது டோக்கன்

கடற்கரையைக் கவனிக்கும் உத்தியோகம் என்றால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்களைப் பார்ப்பதுதான் அந்த வேலை. மாநகர சபையில் ஓவர்சியராக வெள்ளவத்தைக் கரையில் நின்றவன் நான். மேலிடத்துக்காக எதையாவது எண்ணிக் கணக்குக் கொடுத்தவர்களுக்கு, அது பள்ளிக்கூடப் பிள்ளைகளோ அரிசி மூட்டையோ, நான் பட்ட பாடு விளங்கும்.

அன்று ஆடி அமாவாசை. கரையில் நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். என் ஆட்கள் இருவர், கொட்டாஞ்சேனை அந்தோனியும் கிராண்ட்பாஸ் சோமபாலவும். பொலிஸ் சார்ஜன் ஒருவர், அவரோடு கான்ஸ்டபிள்கள் இருவர். பாறையில் துவக்கோடு கடற்படைக்காரர் இருவர். குடை பிடித்தபடி ஐயர் ஒருவர். ஆக ஒன்பது பேர். மற்றவர்கள் எல்லாரும் தகப்பனை இழந்த ஆண்கள்.

யுத்த காலம். வடக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. கீரிமலைக்குப் போய் முழுக முடியாதவர்கள் இங்கேதான் முழுக வேண்டும். ஆனால் கடலில் யாரும் இறங்கக் கூடாது என்பது பாதுகாப்புக் கட்டளை. சபை பேசி, அந்த ஒரு நாளைக்கு மட்டும் மத்தியானம் பன்னிரண்டு மணிவரை அனுமதி எடுத்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான். இறங்கினவர்களின் தொகையும் ஏறினவர்களின் தொகையும் சரி வர வேண்டும். ஒரு ஆள் பிசகினாலும் அடுத்த வருடம் கரை கிடையாது.

தலை எண்ணியது

இரண்டு கம்பு நட்டு, கயிறு கட்டி, நடுவில் வாசல் விட்டோம். வாசலில் ஒரு பக்கம் நானும் மறு பக்கம் சார்ஜனும் நின்று எண்ணினோம். முதல் அரை மணியிலேயே எனக்கு நாற்பத்தொன்று வந்தது, அவருக்கு நாற்பத்தாறு. ஏறி வந்தவர்கள் தலையைத் துவட்டிவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டு திரும்ப ஒரு முழுக்குப் போடப் போனார்கள். எல்லாரும் வெள்ளை வேட்டி, வெறும் மேல். முகத்தை வைத்து நினைவில் பிடிக்கலாம் என்றால், நனைந்த முகம் வேறு முகமாக வருகிறது.

சார்ஜன் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "மாத்தயா, இவங்க எல்லாரும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள்தான் காலையிலிருந்து போய்ப் போய் வாறான்."

சைக்கிள் டோக்கன்

வழி சொன்னது அந்தோனி. சந்தையில் சபையின் சைக்கிள் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே கொடுக்கிற தகர டோக்கனைக் கொண்டுவந்தால், இறங்கும்போது ஒன்று கொடுத்து ஏறும்போது திருப்பி வாங்கலாம் என்றான். தண்ணீரில் நின்றவர்களை எல்லாம் ஏறச் சொல்லிவிட்டு, அவன் வரும்வரை வாசலை மூடி வைத்தோம். அவன் பிஸ்கட் டின்னில் கொண்டுவந்ததைக் கொட்டி எண்ணினேன். நூற்றிருபது. பன்னிரண்டு மணிக்கு டின்னில் நூற்றிருபது இருந்தால் கடலில் யாரும் இல்லை. இதைச் சார்ஜனும் ஒப்புக்கொண்டார்.

முதல் டோக்கனை வாங்கியவர் இளைப்பாறிய தபால் அதிபர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் டோக்கனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, ‘சைக்கிள்’ என்று பொறித்திருந்ததை வாசித்தார். பிறகு என்னிடம், "தம்பி, பூட்டிப்போட்டோ இறங்கிறது, பூட்டாமலோ?" என்றார்.

கையில் உள்ளதை விட்டவர்

பத்து மணியளவில் வங்கியில் வேலை செய்கிற ஒருவர் வெறுங்கையோடு ஏறி வந்தார். டோக்கன் எங்கே என்று கேட்டேன். விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு கடலைத் திரும்பிப் பார்த்தார். ஐயர் எள்ளையும் தர்ப்பையையும் கையில் கொடுத்து, மந்திரம் சொல்லி, கையில் உள்ளதைத் தண்ணீரில் விடுங்கோ என்றிருக்கிறார். இவர் சொன்னது சொன்னபடி விட்டிருக்கிறார்.

சோமபால இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் தடவிப் பார்த்தான். கிடைக்கவில்லை. ஆள்தான் முன்னால் நிற்கிறாரே என்று சார்ஜனுக்குச் சொன்னேன். டின்னில் ஒன்று குறைகிறதே என்று அவர் சொன்னார். இரண்டும் உண்மை. கடைசியில், டோக்கனுக்குப் பதிலாக அவரே பன்னிரண்டு மணிவரை டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்று முடிவாகியது. ஈர வேட்டியோடு மணலில் சம்மணம் கட்டி இருந்தார். முறைப்பாடு எதுவும் செய்யவில்லை.

ஐயர் அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் மந்திரம் முடிந்ததும் தமிழில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: "எள்ளும் தண்ணியும் மட்டும் விடுங்கோ, தகரம் பிதிர்களுக்குப் போய்ச் சேராது."

பையைக் கொட்டியது

ரயில் பாதையோரமாக ஒரு பெண் துணிப்பையோடு நின்றாள். கணவன் கயிற்றுக்கு உள்ளே போயிருக்கிறான், வந்தவுடன் வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும் என்றாள். கடற்படைக்காரர் ஒருவர் இறங்கிவந்து பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே பச்சையாக, உருண்டையாக, காம்போடு சில காய்கள். அவர் பின்னுக்கு ஓரடி வைத்து, மணலில் கொட்டச் சொன்னார்.

காத்தோட்டிக்காய். ஆடி அமாவாசை விரதக் கறிக்கு எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் முடியாது. வடக்கிலிருந்து எதுவும் வராத காலத்தில் அவள் அதை எங்கே தேடிப் பிடித்தாளோ தெரியாது. பழக்க தோஷத்தில் நான் எண்ணினேன். பதினேழு. சாப்பிடுகிற சாமான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பாமல் ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார். கசப்பில் முகம் கோணிப்போயிற்று. துப்பிவிட்டு, மீதிப் பாதியை மரியாதையாகப் பைக்குள் போட்டார்.

"இதைத் தின்னுகிற ஆட்களுக்கு நாங்க வேற தண்டனை கொடுக்கத் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டு பாறைக்கு ஏறினார்.

நூற்றுப் பதினெட்டு

பன்னிரண்டுக்கு வாசலைக் கட்டினோம். தண்ணீரில் தலை எதுவும் தெரியவில்லை. டின்னைக் கொட்டி எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. வங்கிக்காரரோடு நூற்றுப் பத்தொன்பது. ஒன்று குறைந்தது.

திரும்ப எண்ணினேன். சோமபால எண்ணினான். சார்ஜன் எண்ணினார். அதே தொகைதான். ஒருவரும் கரையை விட்டுப் போகக் கூடாது என்று சார்ஜன் உத்தரவு போட்டார். கடற்படைக்காரர் கடலைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து சபையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆள் மூழ்கிப் போயிருந்தாலும் சரி, வள்ளம் ஏறிப் போயிருந்தாலும் சரி, இதுதான் கடைசி அமாவாசை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகுதான் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை. பாதையோரம் நின்றபடி, முகவரி கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "ஓவர்சியர், என்ர மனுசன் இன்னும் வரேல்லை. எல்லாரும் ஏறிட்டினம் எண்டால் அவர் எங்க?"

காய்ந்த டோக்கன்

அந்தோனிதான் கண்டுபிடித்தான். கயிற்றின் உள்ளே, வடக்குப் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். போட்ட சேர்ட் போட்டபடி இருந்தது. வேட்டியில் ஒரு துளி ஈரம் இல்லை. டோக்கன் கைக்குள் இருந்தது.

நான் பக்கத்தில் குந்தினேன். தகப்பன் வடமராட்சியில் இருந்தவராம். ஒரு வருடத்துக்கு மேல் கடிதம் இல்லை. இடம்பெயர்ந்த வழியில் செத்துவிட்டார் என்று, வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்குகிற லொட்ஜில் ஒருவர் சொல்லியிருக்கிறார். வன்னியில் உயிரோடு கண்டேன் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். எதற்கும் இந்த அமாவாசைக்குச் செய்துவிடுங்கோ என்று மனைவி சொல்ல, வந்து டோக்கனும் வாங்கிவிட்டார். டோக்கனைத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் அதைத் தரவில்லை.

"இறங்கினால் அவர் செத்தவர். இறங்காட்டி நான் பிள்ளையில்லை. பன்னிரண்டு மணி தன்ர பாட்டில கடந்து போகட்டும் எண்டு இருந்தனான், ஐயா."

மணி கடந்துவிட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் கையை விரித்தார்.

சார்ஜன் அந்த டோக்கனை விரலால் தடவிப் பார்த்தார். டின்னில் இருந்தது முழுவதும் ஈரத் தகரம், இது ஒன்றுதான் காய்ந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் டோக்கனை டின்னுக்குள் போட்டார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, இறங்கினவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள், இவர் இறங்கவேயில்லை, கணக்குச் சரி என்றார். வங்கிக்காரரை எழும்பச் சொன்னார்கள். கால் விறைத்துப்போய் அவரால் எழும்ப முடியவில்லை, சோமபால தூக்கிவிட்டான். இன்ஸ்பெக்டர் போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த முறை டோக்கனைக் கையில் கட்டிவிடுங்க."

மனிதரை ரயில் பாதைவரை கூட்டிக்கொண்டு போனேன். மனைவி அவருடைய காய்ந்த வேட்டியை மேலிருந்து கீழே பார்த்தாள். பையை என் கையில் தந்துவிட்டு, அவரிடம் சொன்னாள்: "அப்ப விரதம் இல்லை. போற வழியில மீன் வாங்குவம்."

சந்தைக்குத் திரும்பியது நூற்றுப் பத்தொன்பது டோக்கன், ஒன்று கடலில் போனது, ஒரு ஆளும் பிசகாமல் கணக்கைச் சரிக்கட்டிய எனக்கு அன்று கையில் மிஞ்சியது பதினாறரைக் காத்தோட்டிக்காய்.