டிபன் பாக்ஸ் காப்பாற்றிய குரல்

1. திங்கள், பதினொன்று பத்து

என் குரல் முதன்முதலாக உடைந்தது ஒரு திங்கட்கிழமை, பகல் பதினொன்று பத்துக்கு. பெங்களூரில், சமையல் எரிவாயு நிறுவனம் ஒன்றின் கால் சென்டரில் அது எனக்கு ஒன்பதாம் ஆண்டு. "சிலிண்டர் நாளைக்கு வந்துடும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சிலிண்டர்" வரை வந்தது. மற்றது வெறும் காற்று. மறுமுனையில் இருந்த வாடிக்கையாளர் அம்மா, "ஹலோ, லைன் கட்டாயிடுச்சா?" என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

எதையும் நாள், நேரத்தோடு எழுதிவைப்பது என் பழக்கம். அன்றிலிருந்து குரல் உடையும் நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்தேன். நாலு வாரத்தில் பக்கம் நிறைந்தது.

டீம் லீடர் கிரீஷ் பொல்லாதவர் அல்ல. ஆனாலும் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் பேசற ஆள் நம்ம ஃப்ளோர்ல நீங்க ஒருத்தர்தான். ஆனா கஸ்டமருக்குக் கேக்கணுமே? ஒரு மாசம் பாக்கறேன். சரியாகலேன்னா சாட்டுக்கு மாத்திடுவேன்."

சாட் என்றால் நாள் முழுக்கத் தட்டச்சு. பாலகாட் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்பில் சுவருக்குச் சுவர் வேறு மொழி கேட்டு வளர்ந்தவள் நான். பேச்சுதான் என் தொழில்.

2. டாக்டர் கேட்ட கேள்வி

குரலைச் சேமிப்பதாக நினைத்து, இடைவேளையில் கிசுகிசுவென்று பேசிவந்தேன். இன்னும் மோசமானது. நோட்டோடு தொண்டை டாக்டரிடம் போனேன். குரல் நாண்களில் வீக்கம் என்றார்.

"கிசுகிசுக்கறதும் தொண்டைக்குச் சுமைதாம்மா. ஒண்ணு சாதாரணமா பேசுங்க, இல்ல பேசாம இருங்க." நோட்டைப் புரட்டினார். "குரல் போன டைம் எல்லாம் கரெக்டா இருக்கு. வேலைக்கு முன்னாடி என்ன பண்றீங்கன்னு ஒரு வரிகூட இல்லையே?"

"டிரெயின்ல வர்றேன் சார்."

"சும்மா உக்காந்துக்கிட்டா?"

பதில் சொல்ல வெட்கமாயிருந்தது. எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் நாங்கள் எட்டுப் பேர் ஒரே இடத்தில் உட்காருவோம். எல்லாரும் கால் சென்டர். பகல் முழுக்க "மன்னிக்கணும் சார்" சொல்கிறவர்கள், சக்கரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, ரயிலில்தான் மனதாரப் பேசுவோம்.

வீட்டுக்கு வந்து நோட்டை, தினமும் எழுதும் என் டைரியோடு ஒப்பிட்டேன். அந்த நாலு வாரத்தில் குரல் உடையாதவை மூன்றே நாட்கள். மூன்றும் தம்பியின் காரில், தூங்கிக்கொண்டே போன நாட்கள்.

3. கேஜ் மணி

மறுநாள் ரயிலில் சொன்னேன். பக்கத்து சீட்டு சரளா சிரித்தாள். "இன்னாக்கா, ரெண்டரை மணி நேரம் வாய மூடினு வரச் சொல்றீங்க? அதுக்கு வேலையவே விட்டுட்லாம்."

"உன் தொண்டையும்தான் கரகரன்னு கீது."

அவள் மறுக்கவில்லை. "எங்கப்பா தங்கச் சுரங்க ஷாஃப்ட்டுல எறங்கனவரு. ஆளுங்கள ஏத்தி எறக்கற கேஜை மேல ஏத்துன்னு அடியிலேர்ந்து கத்தினா யாருக்குக் கேக்கும்? மணிதான அடிச்சாங்க? நாமளும் அடிப்போம்."

டிபன் பாக்ஸை எடுத்து ஸ்பூனால் தட்டினாள். அன்றே சட்டம் போட்டோம். ஒரு தட்டு: சட்னியை இங்கே தள்ளு. இரண்டு: நகர்ந்து உட்கார். மூன்று: இந்தக் கதையை நேற்றே சொல்லிவிட்டாய். மூன்று தட்டு பெரும்பாலும் எனக்கே விழுந்தது. பெரிய கதைகள் பங்காருப்பேட்டையில் வண்டி நின்று சத்தம் அடங்கும்வரை காத்திருந்தன.

4. மாதத்தின் கடைசி வெள்ளி

ஒரு மாதக் கெடு முடியும் நாள். கிரீஷ் இன்னொரு ஹெட்செட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். பதினொன்று ஐந்துக்கு ஒரு கால். தெலுங்கில் ஒரு அம்மா அலறினார்: வீடெல்லாம் கேஸ் நாற்றம். முன்பானால் நானும் கத்தியிருப்பேன். இப்போது மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன்: சுவிட்சைத் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். என் வேகத்துக்கு அவர் குரலும் இறங்கியது. வெளியே வந்ததும் போனை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்தார்; அவரிடம் கன்னடத்தில் முகவரி வாங்கினேன். மெக்கானிக்கைத் தமிழில் விரட்டினேன். அவர் போய்ச் சேர்ந்து, "குழாய்ல வெடிப்பு, மாத்திட்டேன்" என்றபோது மணி பதினொன்று நாற்பது. குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

கிரீஷ் ஹெட்செட்டைக் கழற்றினார். "நோட்டுல எழுதிக்குங்க மேடம். இந்த சீட்டு உங்களுதுதான்."

சாயங்கால ரயிலில் செய்தி சொன்னதும் எட்டு டிபன் பாக்ஸும் ஒரே நேரத்தில் முழங்கின. டிக்கெட் பரிசோதகர் ஓடிவந்தார். "இன்னாம்மா, யாருக்குக் கல்யாணம்?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குரல் போன நேரத்தை மட்டும் குறிக்காதீர்கள். அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தையும் எழுதுங்கள். என் நோட்டில் விடை இருந்தது, நான் எழுதாமல் விட்ட பகுதியில்.