இருபது மைக்ரான்

கிருபாராணி ஆலையை விட்டுக் கிளம்பியது ஆயுதபூஜைக்கு முந்தின சனிக்கிழமை. பத்தொன்பது வருடமாக அவள் பார்த்த வேலையை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டி அன்று காலை ஒன்பது மணிக்குப் பார்க்கத் தொடங்கியது. பல்சக்கரத்தை உள்ளே வைத்தால் போதும், அளந்து பார்த்து, தேறினால் பச்சை விளக்கும் தேறாவிட்டால் சிவப்பு விளக்கும் போடும். அந்தப் பெட்டிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். கையோடு கிருபாராணிக்கும் ஒரு சால்வையைப் போர்த்தினார்கள்.

"மிக்ஸி வேணுமா, குத்துவிளக்கு வேணுமா, சொல்லுங்கம்மா," என்றார் மேனேஜர்.

"என் வெர்னியரக் குடுத்துருங்க சார்."

ஒரு சாண் நீளமுள்ள எஃகு அளவுகோல் அது. இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைக் கவ்வினால், இருபது மைக்ரான் வரை அளவு சொல்லும். தலைமுடியை நாலாகப் பிளந்தால் அதில் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறி மூக்கண்டப்பள்ளியில் இறங்கினாள்.

அளந்து பழகிய கை சும்மா இருக்குமா? முதல் வாரமே சப்பாத்தியின் விட்டத்தை அளந்தாள். ஒன்றுக்கொன்று நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்ததால் மூன்றைத் தள்ளி வைத்தாள்.

"ராணி, நானு அதத் திங்கப் போறேன். மெஷின்ல மாட்டப் போறதில்ல," என்றார் கணவர் ஜெபதுரை.

அவர் தெருமுனையில் ஸ்டுடியோ வைத்து, ஆலையில் சேரவரும் ஆட்களுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுப்பவர். மனைவியிடமிருந்து தன் சப்பாத்தியைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி, ஸ்டுடியோ பீரோவை அவளுக்குத் திறந்துவிடுவதுதான். அதில் பழைய ஃபிலிம் கேமராக்கள் பதினேழு இருந்தன. எல்லாவற்றையும் அவள் ஆலை வழக்கப்படியே சோதித்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு விற்பனைக்கென்று இணையத்தில் ஏற்றினாள். முதல் கேமராவுக்கு அவள் எழுதியது இது: 'லென்ஸுக்குள் மூன்று இடத்தில் பூஞ்சை. ஷட்டர் மெதுவான வேகத்தில் நின்றுவிடுகிறது. தோல் உறையில் எலி கடித்த அடையாளம். வாங்காமல் இருப்பது நல்லது.'

"இது விளம்பரமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ஜெபதுரை.

நாலு நாளில் அது விற்றது. பெங்களூரில் இரண்டு பேர் அதற்கு அடித்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் 'புதுசு போல இருக்கிறது' என்று எழுதிக்கொண்டிருக்க, வாங்காதே என்று சொல்லும் ஒரே ஆள் கிருபாராணி என்று பழைய கேமரா வாங்குபவர்களுக்குள் பேச்சுப் பரவியது. பதினொரு மாதத்தில் பீரோ காலியாகி, கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி என்று வீடுவீடாகப் போய் வாங்கி விற்க ஆரம்பித்தாள். அவள் எழுதும் அளவை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. பத்தொன்பது வருடத்தில் தப்பான அளவுக்கு ஒரு கையெழுத்துக்கூடப் போட்டதில்லை என்பதுதான் அவள் மூலதனம்.

அப்போதுதான் பாரூரிலிருந்து மாதேஷ் என்பவர் ஃபோன் செய்தார். அவருக்கும் அண்ணன் முனிவேலுக்கும் பாகப்பிரிவினை. கரும்புத் தோட்டம், கிணறு, டிராக்டர் எல்லாம் பிரித்தாகிவிட்டது. ஒரு கேமரா மட்டும் பாக்கி.

போய்ப் பார்த்தாள். ஜப்பானில் செய்த இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. அவர்களுடைய அப்பா ஏதோ ஒரு ஏலத்தில் எடுத்து வந்தது. அது வீட்டுக்குள் வந்த வாரம் போர் போட்டதில் தண்ணீர் பீறிட்டது. அன்றிலிருந்து முப்பத்தெட்டு வருடமாக ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை சந்தனம், குங்குமம், கற்பூரம். ஃபிலிம் மட்டும் ஒருநாளும் போட்டதில்லை.

"ஒரு படங்கூட எடுக்கலீங்களா?" என்றாள் கிருபாராணி.

"சாமியப் போயி யாராச்சும் வேல வாங்குவாங்களா?" என்றார் முனிவேலின் மனைவி சரோஜம்மாள்.

ஷட்டரை இழுத்து விட்டாள். முதல் நாள் ஆலையிலிருந்து வந்தது போலச் சத்தம் கேட்டது. இவ்வளவு சுத்தமான ஒன்றை அவள் தொட்டதே இல்லை. அப்போதுதான் முனிவேல் உள்ளே போய் ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"பிரிச்சுக் குடுங்க மேடம். கண்ணு ரெண்டு இருக்குதில்ல? ஆளுக்கு ஒண்ணு."

கிருபாராணி ஸ்க்ரூடிரைவரைத் தள்ளி வைத்தாள். "ஐயோ, முழுசா வித்தா நாப்பதாயிரம் போகும். பிரிச்சா பூஜ்யம்."

"ரெண்டு பேருக்கும் பூஜ்யந்தானே?"

"ஆமா."

"அப்ப சமமாத்தான் இருக்குது," என்றார் மாதேஷ். இரண்டு வருடத்தில் அண்ணன் தம்பி ஒத்துப்போன முதல் விஷயம் அது. முனிவேலும் தலையாட்டினார்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. "சமமான்னு அளந்துதான் சொல்லணும்," என்று வெர்னியரை எடுத்தாள்.

லென்ஸ்களைச் சுற்றியிருந்த உலோக வளையங்கள் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. அது அவளுக்குப் பார்த்ததுமே தெரியும். ஆனால் மேல் வளையத்தில் குங்குமம் அப்பியிருந்தது. நெற்றி என்றால் மேலேதானே என்று சரோஜம்மாள் வருடாவருடம் அங்கேதான் வைத்திருக்கிறார். ஆலையில் ஆயுதபூஜைக்கு மறுநாள் எந்தப் பொருளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் அளக்கக் கூடாது. அந்த விதியைப் பலகையில் எழுதி வைத்தவளே கிருபாராணிதான். பஞ்சும் ஸ்பிரிட்டும் பையில் இருந்தன. கை பை வரைக்கும் போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

அப்படியே அளந்தாள்.

"மேல முப்பத்திரண்டு புள்ளி ஆறு நாலு. கீழ முப்பத்திரண்டு புள்ளி ஆறு ரெண்டு. மேல இருபது மைக்ரான் பெருசு. தலைமுடியில கால்வாசி."

அண்ணன் தம்பி இருவரும் மேல் லென்ஸை எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப மேலது எனக்கு. மூத்தவன் நானு," என்றார் முனிவேல்.

"தோட்டத்துலயும் இதத்தானண்ணா சொன்ன? வாய்க்கா பக்கம் நீ எடுத்துக்கிட்டு எனக்கு மேட்டுக்காட்டத் தள்ளிட்டியே!"

"டேய், முடி அகலங்கூட இல்லடா அது!"

"முடி அகலமில்லன்னா நீ கீழத எடுத்துக்கயேன்!"

வரப்பில் ஒரு சாணுக்காகக் கோர்ட் படியேறிய குடும்பம் அது. இருபது மைக்ரானை விட்டுக்கொடுப்பார்களா? மாதேஷ் அவளிடம் திரும்பினார். "லேசா ராவிச் சமமாக்க முடியுங்களா மேடம்?"

"ராவினா எவ்வளவு போகும்னு நான் பொறுப்பேத்துக்க முடியாதுங்க."

மத்தியானம் வரை கத்தினார்கள். கடைசியில், அவன் வீட்டில் பெரிய கண் இருப்பதைவிட ரெண்டு வீட்டிலும் கண்ணே இல்லாமல் இருப்பது மேல் என்று இருவரும் தனித்தனியாக முடிவுக்கு வந்தார்கள். முழுசாக விற்கச் சொல்லிக் கொடுத்த கேமராவைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள் கிருபாராணி.

பெங்களூர் ஆள் ஒருவருக்கு அதை விற்றபோது எல்லாவற்றையும் எழுதினாள். 'அளவு' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள். ஜெபதுரை காரணம் கேட்டதும் சொல்லிவிட்டாள்.

"குங்குமத்தோட சேத்துத்தான கும்புட்டாங்க? சேத்தே அளந்துட்ட. இதுல என்ன தப்பு?" என்றார் அவர்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவ அறிக்கை ஜெபத்தின்போது, இருபது மைக்ரான் என்று ஆண்டவரிடம் சொன்னால் அவருக்கு விளக்க வேண்டியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

பதினாறு மாதம் கழித்து ஒரு காலை, சூளகிரியில் யாரோ ஒருவருடைய கேமராவுக்குச் சிவப்பு அட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது:

'வணக்கம் மேடம். பாரூர் முனிவேல். எங்க ரெண்டு பேர் நெலத்துக்கும் நடுவுல வரப்பு மேல ஒரு புளியமரம். சர்வேயர் மூணு தடவ வந்து அளந்துட்டாரு. அவர நானும் நம்பல, தம்பியும் நம்பல. நீங்க அளந்து சொன்னா மறுபேச்சு இல்லன்னு ரெண்டு பேரும் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டோம். மரம் சுத்தளவு எட்டடி. உங்க கருவிக்கு வாய் பத்துமா?'