என் ஆட்டுப் பாலில் வாடை

கலியாணமாகிக் கொழும்பிலிருந்து கண்டிக்கு நான் வந்தபோது கூடவே வந்த சாமான்களை மாப்பிள்ளை வீட்டார் நன்றாகத்தான் மெச்சினார்கள். அலுமாரிக்குக் குறை இல்லை, கட்டிலுக்குக் குறை இல்லை. வாயுள்ள சாமான் ஒன்றே ஒன்றுதான் வந்தது. பேச்செல்லாம் அதைப் பற்றித்தான் எழுந்தது. அது என் ஆடு.

இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த ஜம்னாபாரி இனம். நின்றால் என் இடுப்புக்கு மேலே வரும். மூக்கு வளைந்து இறங்கும், காது முழ நீளத்துக்குத் தொங்கும். வாப்பா வீட்டில் அதற்கு இலை, குழை போட்டதும் நான், பால் கறந்ததும் நான். கலியாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆட்டைக் கூட்டிப்போக விடுவார்களா என்று மட்டும் உம்மாவைக் கேட்டேன்.

வீடு கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில், மேட்டுச்சரிவில் இருந்தது. என் மாப்பிள்ளைக்குக் கண்டி டவுனில் துணிக்கடை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதுவரை வீட்டில் மூன்று பேர்: மாமனார், மாப்பிள்ளையின் மூத்த சகோதரி, நான். அந்த மதினி புருஷனை இழந்து வாப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவர். அடுப்படி, குசினி எல்லாம் அவர் ராஜ்ஜியம். அவருக்கும் ஓர் ஆடு இருந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்பு நாட்டாடு.

என் ஆட்டை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இதென்ன புள்ள, ஆடா ஒட்டகமா?” என்றார்.

“ஆடுதான் மதினி. பெரிய ஆட்டைப் பாத்திருக்க மாட்டீங்க” என்றேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு! அன்று தொடங்கியது எங்கள் யுத்தம்.

என் ஆடு வந்தபோது சினையாக இருந்தது. கொஞ்ச நாளில் ஈன்றது. குட்டி தங்கவில்லை. ஆனால் பால் செம்பு நிறையச் சுரந்தது. மாமாவுக்கு நெஞ்சுச் சளி. வைத்தியர் மாட்டுப்பாலை நிறுத்தி ஆட்டுப்பால் குடிக்கச் சொல்லியிருந்தார். மதினியின் கறுப்பி கொடுக்கும் பால் ஒரு கோப்பைக்கே பற்றாது. என் ஆட்டின் அருமை இனித் தெரியட்டும் என்று நுரை தளும்பக் கறந்து, காய்ச்சி, மாமாவிடம் நீட்டினேன்.

மாமா பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். மனுஷர் நல்லவர், என் மனம் நோகக் கூடாது என்று வானத்தைப் பார்த்தார்.

மதினிக்கு அந்தக் கவலை இல்லை. எடுத்து மோந்தார். “அல்லாஹ்வே, என்னா நாத்தம்!”

“எங்க நாத்தம்? தேன் மாதிரி ஈக்கி” என்று வாங்கி மடமடவென்று குடித்தேன். நாற்றம்தான். முகம் சுளிக்காமல் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்த்தான் கொல்லையில் துப்பினேன். வாப்பா வீட்டில் இதே ஆட்டின் பால் கட்டியாக, லேசாக இனிக்கும். கண்டித் தண்ணி பிடிக்கவில்லையா, பலாக்குழை ஒத்துக்கொள்ளவில்லையா? ஒன்றும் விளங்கவில்லை. செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மடியை வெந்நீரில் கழுவினேன். அந்த வாடை போகவே இல்லை.

அப்புறம் என்ன, வீட்டில் தினமும் பால் ஆராய்ச்சிதான். கறுப்பியின் பால் கொஞ்சம் உப்புக் கரிக்கும், ஆனால் வாடை கிடையாது. பன்விலத் தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் சீமையிலிருந்து வந்த வெள்ளை ஆடு இருந்தது. மாப்பிள்ளை ஒரு நாள் அதன் பாலையும் போத்தலில் வாங்கி வந்தார். மாமா குடித்துப் பார்த்து, “இது தண்ணி குடிச்ச பாலா, பால் குடிச்ச தண்ணியா?” என்றார். மதினி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “ஆட்டுட சாதி அப்பிடி. வெள்ளை ஆட்டுக்குப் பால் தண்ணி. காது நீண்டதுக்குப் பால் நாறும். எங்கட நாட்டாடுதான் ஆடு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போத்தலை உடைத்திருப்பேன்.

அப்போது கொட்டிலில் இன்னொருவரும் குடியிருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் கொடுக்க மாமா வாங்கி வளர்த்த கெடா. “குர்பானுக்குக் குறையில்லாத கெடா வேணும். நேசம் வெச்சு வளக்கவும் வேணும்” என்பார். விடிந்ததும் பலாக்குழையை அணைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விடுவார். கையால் ஊட்டுவார், கொம்பு நடுவில் சொறிந்துவிடுவார், கடை வியாபாரம் முதற்கொண்டு அதனிடம் பேசுவார். அதுவோ தன் மூத்திரத்திலேயே தாடியை நனைத்துக்கொண்டு, உதட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, பெரிய முதலாளி போல நிற்கும். கொட்டிலில் மழை ஒழுகாத இடம் ஒரு மூலைதான். புது மருமகளின் ஆட்டுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அந்த மூலையில் கெடாவுக்குப் பக்கத்து முளையை அதற்குக் கொடுத்திருந்தார். கறுப்பி பாவம், குசினித் தாழ்வாரத்தில் கிடந்தது.

மாமாவின் இடுப்புச் சாரத்தைத் துவைக்கும்போது அதே வாடை என் மூக்கில் ஏறும். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மதினியை எப்படி மடக்கலாம் என்பதிலேயே மூளை முழுக்கச் செலவாகிவிட்டது.

கடைசியில் பெருநாளுக்கு என் நாநா, அதாவது அண்ணன், கொழும்பிலிருந்து வருகிறார் என்று தெரிந்தது. மதினி மாமாவிடம் பேசினார், மாமா மகனிடம் பேசினார், மகன் என்னிடம் வந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“குடிக்க ஏலாத பாலுக்குத் தினமும் குழை வெட்ட வேண்டியீக்கி. நாநா போகும்போது ஆட்டையும் கூட்டிக்கிட்டுப் போகட்டுமே” என்றார்.

“என்னையும் சேத்துக் கட்டி அனுப்புங்க” என்றேன்.

“எனக்குக் கடைக்கு நேரமாச்சி” என்று இறங்கிப் போய்விட்டார்.

அன்று நான் அழுதேன். பாலுக்காக அல்ல. அந்த வீட்டில் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த சீவன் அது ஒன்றுதான். நான் கூப்பிட்டால் தலையைத் தூக்கும். அதுவும் போனால் நான் யார் பக்கம் திரும்பிப் பேசுவது?

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து வந்து மாமா கெடாவைத் தன் கையாலேயே தண்ணீர் காட்டி அழைத்துப் போனார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இறைச்சியைப் பங்கிட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினார். நாநா இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டார். ரயிலுக்கு முந்திய நாள் நான் ஆட்டைத் தண்ணீர் கொட்டும் பீலியடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினேன். என் வீட்டுக்குப் போகும் ஆடு அழுக்காகப் போகக் கூடாது. அது என்னை முட்டித் தள்ளி, ஊரைக் கூட்டிக் கத்தியது. இரண்டு பேரும் நனைந்து திரும்பினோம்.

மறுநாள் காலை நாநா கயிற்றோடு முற்றத்தில் நின்றார். கடைசிக் கறவையைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தேன். “கடைசியா ஒருக்கா மோந்து பாத்துட்டுச் சந்தோஷப்படுங்க” என்று மதினியிடம் சொல்லத்தான் செய்தேன்.

மதினி மோந்தார். மறுபடி மோந்தார். குடித்தார். என்னைப் பார்த்தார், கொட்டிலைப் பார்த்தார்.

“வாடையே இல்லையே புள்ள! நல்லா இனிக்கிதே” என்றார். பிறகு தலையில் கைவைத்தார். “நாத்தம் இந்த ஆட்டுட இல்ல. அந்தக் கெடாட! பக்கத்துல கட்டிவெச்சு நாமளே நாறடிச்சீக்கோம்.”

தோற்றுப்போனதை அப்படி எல்லார் முன்னாலும் சொல்ல எனக்கு வராது. அவருக்கு வந்தது. அந்த இடத்தில் எனக்கு மதினியைப் பிடித்துப்போனது.

மாமாவிடம் கோப்பையைக் கொடுத்தேன். குடித்தார். இப்போதாவது நல்லது என்று சொல்வார் என்று நின்றேன். அவர் பாதிக் கோப்பையில் நிறுத்திவிட்டு அதற்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வாடை இல்லத்தான்” என்றார். “அவன் போனது இப்பதான் வெளங்குது.”

மாமா நாநாவின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

“இதையும் கூட்டிக்கிட்டுப் போனா, வெடிஞ்சா நான் குழையத் தூக்கிக்கிட்டு யார்ட்ட போற மகன்?” என்று நாநாவைக் கேட்டார்.

நாநா கயிற்றைச் சுருட்டி என்னிடம் தந்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

அடுத்த நாள் விடியற்காலை பால் கறந்துகொண்டிருந்தேன். மாமா குழையோடு கொட்டிலுக்குள் வந்தார். கைப்பழக்கம், கெடாவின் முளையடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அப்படியே நின்றார். என் ஆடு கயிறு இறுகக் கழுத்தை நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அதை அவிழ்த்து, அந்த முளையிலேயே கட்டினேன்.