குடிபூரலுக்கு வைத்த உப்பு

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் பாதி மாடிவீடு நான் கட்டினது. எத்தனையோ காணியில் பழைய கிணறு, பழைய மரம் என்று வேலையாட்கள் பின்வாங்கியிருக்கிறார்கள், நானே அலவாங்கை வாங்கி முதல் குத்துக் குத்தியிருக்கிறேன், ஒரு தலையிடி கூட வந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கொட்டாஞ்சேனையில் சாந்து குழைத்து வளர்ந்தவன், இன்றைக்குப் படித்த எஞ்சினியர்மார் அத்திவாரத்துக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அப்படிப்பட்டவன் சொல்கிறான் என்பதற்காகவாவது கடைசிவரை கேளுங்கள். சிரிப்பதென்றால் முடிந்த பிறகு சிரியுங்கள்.

முதலில் உப்பு நடக்கும் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இது என் கதை இல்லை, படித்தவர்கள் கண்டுபிடித்தது. ஈரானில் ராஜா ஆட்சி இருந்த காலத்தில், எண்ணெய் தேடுகிற ஒரு வெளிநாட்டுக் கூட்டத்துக்குச் சமையல்காரனாகப் போனேன். பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து லொறியில் உள்ளே போனால் மொட்டை மலைகள், அதற்கு நடுவில் ஒரு மலை முழுக்க உப்பு. வெள்ளை, சாம்பல், இடையில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். அந்தக் கூட்டத்தின் பெரிய எஞ்சினியர் நல்ல மனுஷன், சாப்பாட்டு மேசையில் எனக்கு விளக்கம் சொல்லுவார். ஒரு காலத்தில் கடல் வற்றி உப்பாகி, அதன்மேல் மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக விழுந்து மூடிவிட்டதாம். மேலே பாரம் ஏற ஏற, அடியில் கிடக்கிற உப்பு பாறையைவிட இலேசு என்பதால் ஒரு பலவீனமான இடம் பார்த்து மேலே எழும்புமாம். எனக்கு உடனே பிடிபட்டது. இடியப்ப உரலில் மாவை வைத்து அமத்தினால் துளைக் கண்ணால் வருகிறதே, அதுதான். அப்படி வருகிற உப்பு பக்கத்துப் பாறைகளையும் வளைத்துத் தூக்கும், அந்த வளைவில் எண்ணெய் தங்கும், அதற்காகத்தான் இவர்கள் உப்பைத் தேடி அலைந்தது.

வெளியே வந்த உப்பு அங்கேயே நிற்காது. தோசைக்கல்லில் மா பரவுகிற மாதிரி மலைச்சரிவில் இறங்கும், பனி ஆறு என்கிறார்களே, அதே மாதிரி உப்பு ஆறு. கண்ணால் பார்த்தால் தெரியாது. அதனால் குறுக்கே இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து வைத்து, காலையில் ஒரு ஆள் போய் வரிசை எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளந்து வர வேண்டும். மழை பெய்தால் உப்பு இளகி முன்னே வரும், வெயிலில் காய்ந்தால் கொஞ்சம் பின்வாங்கும். விடிந்து சூடு ஏறும்போது அந்த மலையே வெடிக்கும், டப், டப் என்று துவக்குச் சுடுகிற சத்தம். முதல் நாள் நான் தட்டை விட்டுவிட்டு ஓடினேன், எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் சிவபாதம்.

சிவபாதம் கொட்டாஞ்சேனையில் எனக்கு அடுத்த வளவு. ஈரானில் அந்தக் கூட்டத்துக்கு லொறி ட்ரைவர், என் கையைவிடப் பெரிய கைக்காரன். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான் என்று அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், இப்போது சொல்லுவதில்லை. ஆட்கள் குறைவு, அதனால் கம்பி அளக்கிற வேலை எங்கள் இருவருக்கும் முறை வைத்துத்தான். எனக்கு உப்பில் நடக்கப் பயம். அடியில் தண்ணீர் அரித்து எங்கே பொந்து இருக்கும் என்று மேலே தெரியாது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை என் முறை. நான் கறி அடுப்பில் கிடக்கிறது என்றேன். அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனான். ஈர உப்பில் அவனுடைய காலடிகள் கம்பி வரிசையின் நடுவரைக்கும் போயிருந்தன. அங்கே பொந்தும் இல்லை, வெடிப்பும் இல்லை. காலடி நின்றுவிட்டது, அவ்வளவுதான். தேடாத இடமில்லை. கடைசியில் வேலையை விட்டு ஓடிய ஆள் என்று எழுதி மூடிவிட்டார்கள். அவன் ஓட்டின லொறியை என்னிடம் தந்தார்கள், சம்பளமும் கூடியது. நான் கட்டட வேலையில் கால் ஊன்றினது அந்தச் சம்பளத்தில்.

புறப்படுகிற அன்று காலடி நின்ற இடத்திலிருந்து தேங்காயளவு உப்புக்கட்டி ஒன்றைப் பெயர்த்து எடுத்து வந்தேன். அவன் மனைவி பரமேஸிடம் கொடுக்க. சாம்பல் இல்லாத இடத்தில் அதையாவது கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் வீட்டு வாசலில் போய் நின்றபோது கைப்பை திறக்கவில்லை, அதாவது கை திறக்கவில்லை. அன்று என் முறை என்பதை மட்டும் ஒளிக்காமல் சொன்னேன். அவள், "தெரியும் அண்ணை, உங்களுக்கு உப்பிலை நடக்கப் பயம் எண்டு அவர் கடிதத்திலை எழுதினவர்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

கட்டியைப் பால்மா டின்னில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, ஸ்டோர் அறையில் வைத்துவிட்டேன். வருஷங்கள் போய்விட்டன. நான் பெரிய ஆளாகி வெள்ளவத்தையில் எனக்கென்று ஒரு வீடு கட்டினேன். அடுத்தவனுக்குக் கட்டுகிற மாதிரி இல்லை, ஒவ்வொரு கல்லும் நான் பார்த்து வைத்தது. சாமி அறைக்குப் பழைய முறைப்படி சிவப்புச் சீமெந்துத் தரை போட்டேன், கழுவினால் தண்ணீர் உள்மூலையில் இருக்கிற துவாரத்துக்கு ஓடுகிற மாதிரி வாசல் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி. வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு கூட வாசல் பக்கம் வரவில்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள்.

எங்கள் ஆட்களில் குடிபூரலுக்குப் புது வீட்டுக்குள் முதலில் போகிறது சாமிப் படம், நிறைகுடம், மஞ்சள், அரிசி, உப்பு. உப்பு என்றால் சீதேவி. கடையில் புதுப் பொட்டலம் வாங்குவார்கள். எனக்கு மட்டும் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. கேட்கிறவர்களிடம், எல்லார் வீட்டிலும் கடை உப்பு, என் வீட்டில் மலை உப்பு என்று பெருமையடித்தேன். உள்ளுக்குள், இந்த வீட்டில் அவனுக்கும் கால் வைக்க ஓர் இடம் இருக்கட்டும் என்று ஒரு எண்ணம். என் மனைவி புவனத்துக்கு அந்த உப்பு எங்கிருந்து எடுத்தது என்று தெரியாது. அப்படியிருந்தும், "கண்ட நிண்ட இடத்து உப்பை முதல் உப்பாய் வைக்கிறதே? அது ஆருடைய உப்போ" என்று கேட்டாள். அவள் கேட்டது சரியான கேள்வி. நான் வாயை மூடச் சொன்னேன்.

டின்னைத் திறந்தேன். கொழும்புக் காற்றுக்குச் சாப்பாட்டு உப்பே கசியும், இது நேற்றுப் பெயர்த்த மாதிரி காய்ந்து கிடந்தது. வெள்ளித் தட்டில் வைத்து நானே தூக்கிக்கொண்டு நுழைந்தேன். ஐப்பசி மாதம், காலையிலேயே மழை பிடித்துவிட்டது. ஐயர் ஓமம் வளர்க்கும்போது ஒரு சத்தம் கேட்டது. டப். ஐயர் விறகு என்று நினைத்தார். விறகுச் சத்தமும் எனக்குத் தெரியும், அந்தச் சத்தமும் எனக்குத் தெரியும்.

பந்தி மேல்மாடியில். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு பரமேஸ் மட்டும் சாமி அறை வாசலுக்கு வெளியே நாற்காலியில் இருந்தாள், நெற்றியில் குங்குமத்தோடு. அவளுடைய மகளுக்குக் கலியாணம் சரிவந்திருந்தது, மாப்பிள்ளை வீடு வத்தளை. அவள் எனக்காகத்தான் காத்திருந்தாள். நான் சாமி அறைக்குள் விளக்குத் திரியைத் தூண்டுகிற சாட்டில் நின்றேன்.

"அண்ணை, கலியாணக் காட் அடிக்கக் குடுக்கவேணும்" என்றாள். "தகப்பன்ரை பேருக்கு முன்னாலை அமரர் எண்டு போடுறதோ, விடுறதோ?"

நான் விளக்குக்கு எண்ணெய் விட்டேன்.

"போடாட்டி, ஆள் எங்கை எண்டு மாப்பிள்ளை வீட்டார் கேக்கினம். துபாயிலை வேறை குடும்பம் இருக்குதாம் எண்டு கொட்டாஞ்சேனையிலை ஒரு கதை. போட்டால், இருக்கிற மனுசனை நானே சாக்காட்டினதாய்ப் போடும். கடைசியாய்க் கண்டது நீங்கள். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நான் அப்பிடியே செய்வன்."

ஒரு சொல். எத்தனை ஒப்பந்தக்காரனை வாயால் மடக்கினவன் நான். போடு என்றால் அவனை நானே இரண்டாம் முறை அனுப்பின மாதிரி. போடாதே என்றால் அவன் பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடினவன் என்று நானே கையெழுத்து வைத்த மாதிரி. தூண்டத் தேவையில்லாத திரியைத் திரும்பவும் தூண்டினேன்.

அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், தட்டில் இருந்த கட்டி ஒரு பக்கம் சரிந்து, தட்டின் விளிம்பைத் தாண்டி, சிவப்புத் தரையில் நாக்கு மாதிரி வெள்ளையாக நீண்டிருந்தது. தண்ணீர் இல்லை, உப்புத்தான், திடமாக, அந்த மலையில் இருந்த அதே கறுப்புக் கோடுகளோடு. துவாரத்துப் பக்கம் போகவில்லை. நான் உயர்த்திப் போட்ட வாசல் பக்கம், மேட்டில் ஏறி, நிலைக்கட்டையின் மேல் மடிந்து, அந்தப் பக்கம் இறங்கி, அவளுடைய காலுக்கு முன்னால் வந்து நின்றது. நகர்கிறதை நான் பார்க்கவில்லை. மலையிலும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் என் காலைத் தாண்டித்தான் அது போயிருக்க வேண்டும். நான் நின்ற இடத்தில் மட்டும் சுற்றி வளைந்து போயிருந்தது.

பரமேஸ் காலை இழுக்கவில்லை. குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது எங்கை எடுத்தது, அண்ணை?"

சொன்னேன். அதுவாவது வாயில் வந்தது.

"எங்கை போனாலும் பிந்தித்தான் வாறவர்" என்றாள். பிறகு, "நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். அவரே வந்து சொல்லிப்போட்டார்."

எழும்பிப் போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை. மேலே பந்தியில் யாரோ பகிடி விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. மழை விட்டு யன்னலால் வெயில் விழ, அந்த உப்பு வந்த வழியே சுருங்கி, புவனம் பாயாசச் சட்டியோடு இறங்கி வருவதற்குள் தட்டில் பழையபடி கட்டியாக இருந்தது. தரையில் மெழுகு போய் வெளிறின ஒரு கோடு மட்டும். புவனம் அதைப் பார்த்துவிட்டு, புதுத் தரையில் யார் சுண்ணாம்பு சிந்தினது என்று ஏசினாள்.

கட்டியைத் தரும்படி பரமேஸ் கேட்டாள். கடலில் கரைக்க. என் ஒழுங்கையில் இறங்கி ரயில் பாதையைத் தாண்டினால் கடல்தான். பட்டு வேட்டியோடு நான் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன், குடிபூரல் நடக்கிற வீட்டுக்காரன் நடுவில் எங்கே போகிறான் என்று சனம் பார்த்தது. கல்லுகளுக்கு இடையில் முழங்காலளவு தண்ணீரில் அவள் இறங்கி, கட்டியை முகத்தோடு ஒருமுறை வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இப்பவாவது நீங்களும் பிடியுங்கோ."

இறங்கினேன். ஒரு பக்கம் அவள் கை, மறு பக்கம் என் கை, தண்ணீருக்குள் அமத்தினோம். அவள் பக்கம் சீனி மாதிரிக் கரைந்து போனது. அவள் கை வெறுமையாகிவிட்டது, கும்பிட்டுவிட்டுக் கரையேறினாள், திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பார்க்காமலே நடந்தாள். என் பக்கத்துத் துண்டு கரையவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக அலை வந்து போனது, கல்லைப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. விட்டுவிடலாம் என்று கையை எடுத்தேன், அது தண்ணீரில் தாழவுமில்லை. என் கைக்கு நேராகவே நின்றது. திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன், வேறு என்ன செய்ய.

கலியாண அழைப்பில் அமரர் என்று போட்டார்கள். கலியாணம் நன்றாக நடந்தது. வெற்றிலை கொடுக்கும்போது பரமேஸ் என்னிடம் அன்பாகத்தான் பேசினாள். அவளும் போன வருஷம் போய்விட்டாள். நெஞ்சில் இருக்கிறதை நான் அவளிடம் சொல்லவே இல்லை, சொல்லத் தேவையில்லை என்று அவள் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேட்டால் காட்டுவேன், தொட விடமாட்டேன். ஒரு பக்கத்தில் நான் அமத்திப் பிடித்த அடையாளம், நாலு விரலும் பெருவிரலும், என் கையை வைத்தால் அப்படியே பொருந்தும். அதற்குக் காரணம் உண்டு, தண்ணீரில் உப்பு இளகும். ஆனால் துண்டைப் புரட்டினால் அடியிலும் ஒரு பிடி இருக்கிறது. பரமேஸின் கை அங்கே படவில்லை, அவள் பிடித்தது கரைந்துபோன பக்கத்தை. புவனத்தின் கையை வைத்துப் பார்த்தேன், சின்னது. என் கையை வைத்துப் பார்த்தேன், விரல்கள் எட்டவில்லை. கீழேயிருந்து மேலே தாங்கிப் பிடித்த மாதிரியான பிடி அது.