பின்னால் வருகிறவளுக்கு ஒரு கேமரா

நான் மெத்தை விற்கிறவன். படுப்பதன் பெருமையை நாள் முழுக்கப் பேசியே வயிறு வளர்க்கிற எனக்கு, விடுமுறை நாளில் விடியுமுன் எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிற மனைவி வாய்த்தாள். யாரிடம் சொல்லி அழ? அலாரம் அடித்ததும் அவள் போய்விடுவாள். அவள் விட்டுப்போன பாதி மெத்தையையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்வேன். எங்கள் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடி, அடுத்தவர் செய்யும் தவறுக்கெல்லாம் தான் பிரேக் போடுகிற உத்தியோகம். வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாக வந்தால்கூட அவள் கால் தன்னால் தரையை அழுத்தும். சைக்கிள் ஓட்டினால்தான் அந்தக் காலுக்கு ஓய்வு என்பாள். காலுக்கு ஓய்வு கொடுக்க மலையேறுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் நெடுந்தூரம் அவள் தனியாகப் போனது கிடையாது. பின்னால் அவள் தங்கை வருவாள். அக்கா போன இடமெல்லாம் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டு போனதால் அவளுக்கு வீட்டில் வால் என்று பெயர். இப்போது அவள் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறாள், அவளிடம் வெட்டிக்கொள்ள ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. குடியிருப்பது எங்களுக்குக் கீழ்த் தளத்தில், அதனால் அந்தப் பெயருக்கு மாறவும் வழியில்லை.

வருடத்துக்கு ஒருமுறை இருவரும் மலையேறி, மறுபக்கத்து ஏரியைத் தொட்டுவிட்டு, ஒரே நாளில் திரும்புவார்கள். முன்னால் போகிறவள் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்வாள், பின்னால் வருகிறவளுக்கு மிதிப்பது கொஞ்சம் லேசு. பள்ளம் வந்தால் அக்கா அந்தப் பக்கத்துக் கையைக் கீழே நீட்டிக் காட்டுவாள், வால் விலகிக்கொள்வாள். ஏற்றத்தின் உச்சி வந்ததும் அக்கா நின்று, திரும்பிப் பார்க்காமல் இடது கையைத் தூக்குவாள். வால் வந்து சேர்ந்து மணியடிக்க வேண்டும். மணி கேட்ட பிறகுதான் இறக்கம். இதை அவர்களுக்குள் சட்டமாகவே வைத்திருந்தார்கள்.

இந்த வருடம் வால், அழகு நிலையத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் அறுவை சிகிச்சை. அது நன்றாகத்தான் முடிந்தது. அதற்கப்புறம் வந்த பிசியோதெரபி அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: தினமும் மிதித்தால் கால் மடங்கும், இப்போது விட்டுவிட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் மடங்காது. சைக்கிளின் பின் சக்கரத்தை ஒரு இரும்புத் தாங்கியில் மாட்டி வைத்து, உட்கார்ந்த இடத்திலேயே மிதிக்க ஏற்பாடு செய்தோம். எதிரே வெள்ளைச் சுவர். வால் கொஞ்சம் மிதிப்பாள், வலிக்கும், இறங்கிவிடுவாள். ஒரு வாரத்தில் அந்த சைக்கிளில் ஈரத் துண்டு காய்ந்தது.

என் மனைவி அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு பயம் வந்தால் பேச்சு குறையும், எனக்கோ அதிகமாகும். ஆகவே நானே பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள், ரோட்டுக்கு அவளால் போக முடியாவிட்டால் ரோட்டை அவளிடம் கொண்டுவருவோம், ஒரு கேமரா வாங்கலாம், என்றாள்.

கேமரா கடைக்காரர் தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்து வைத்து, விமானத்திலிருந்து குதித்தாலும் படம் பிடிக்கும், கடலுக்கடியில் போனாலும் படம் பிடிக்கும் என்று அடுக்கினார். விற்பனையில் நானும் பழம் தின்று கொட்டை போட்டவன், ரசித்துக் கேட்டேன். என் மனைவி ரசிக்கவில்லை. குதிக்கப் போவதில்லை, மிதிக்கத்தான் போகிறேன், காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்காமல் ஓடுமா என்று கேட்டாள். அவர் முகம் சுருங்கியது. ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடப் போகலாம், கூடுதல் பேட்டரி வாங்கி வைத்துக்கொண்டு நடுநடுவே நின்று மாற்றலாமே என்றார்.

"நான் நின்னா அவளும் நிப்பா. நின்னுட்டா மறுபடி மிதிக்க மாட்டா" என்றாள் என் மனைவி. கடைக்காரருக்கு எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

புதிதாக வந்ததை விட்டுவிட்டு, பதிவாகும்போதே பவர் பேங்கிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்ளும் பழைய மாடல் ஒன்றை எடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க மின்சாரம்தான். முதல் சோதனையில் கேமராவின் சொந்த பேட்டரி நிரம்பியதும், பவர் பேங்க் இனி நமக்கென்ன வேலை என்று தூங்கிவிட்டது. மின்சாரம் தேவைப்பட்டபோதும் எழுந்திருக்கவில்லை. அதன்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது. உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றிவிட்டால் பவர் பேங்க் தூங்க வழியில்லை என்று எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் யோசனை சொன்னார். கழற்றினோம். இப்போது குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் கேபிள் ஆடி, படம் அறுந்தது. ஒன்றை மூடினால் ஒன்று திறந்தது.

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதிர்ச்சியைத் தாங்குவது என் தொழில் அல்லவா? கடையிலிருந்து முதல் தரமான மெத்தை ஸ்பான்ஜை வெட்டிக்கொண்டு வந்து, லென்ஸ் கண்ணாடியை மட்டும் விட்டு, கேமராவையும் கேபிளின் கழுத்தையும் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன். கேமரா அசையவே இல்லை. என் மனைவி என்னைப் பாராட்டினாள். அபூர்வம் என்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு விடுமுறை நாளில் பக்கத்து ஆற்றுப் பாலம்வரை போய்ப் பதிவு செய்து வந்தாள். வாலின் சுவரில் பெரிய திரையை மாட்டினோம். ஹேண்டில்பாரிலிருந்து எடுத்த படம்: அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரங்கள், எதிரே வானம். வால் ஏறி உட்கார்ந்தாள், மிதித்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். மறுநாள் சைக்கிளில் மறுபடியும் துண்டு.

படம் ரொம்ப வழுவழுவென்று இருக்கிறதோ என்று, ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதியை அணைத்துவிட்டு இன்னொரு முறை எடுத்தாள். கடைக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடிய வசதி அது. அணைத்ததும் படம் நிஜமாகக் குலுங்கியது, மின்சாரமும் மிச்சமானது. அப்போதும் துண்டு காய்ந்துகொண்டுதான் இருந்தது. என் மனைவி கீழே போய்த் துண்டை உருவி எறிந்துவிட்டு, இதில் உனக்கு என்னதான் குறை என்று கேட்டாள். நான் வாசலில் நின்றேன்.

"அக்கா, கோச்சுக்காத. இந்த ரோடு எனக்குத் தெரியவே இல்ல" என்றாள் வால்.

"எத்தனை தடவ போயிருக்கோம்!"

"நீ போயிருக்க. நான் உன் முதுகப் பார்த்துக்கிட்டே வந்திருக்கேன். எனக்குத் தெரிஞ்ச ரோடு அதுதான்."

கேமரா எது, பேட்டரி எது, கேபிள் எது என்று ஊரையே கேட்டோம். பார்க்கிறவள் எதைப் பார்த்துப் பழகியவள் என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. என் மனைவி மேலே வந்து, சைக்கிள் கடைக்காரருக்கு போன் செய்தாள்.

அவர் பின் கேரியரில் ஒரு அலுமினியக் கம்பியைப் பொருத்தி, பின்பக்கமாக நீட்டி, நுனியில் கேமராவை வைத்தார். இப்போது அது அவள் முதுகைப் பார்த்தது. தூண்டில் போடப் போகிற ஆள் போல இருந்தாள். பின்னால் இருக்கும் கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று எப்படித் தெரியும்? கார் பள்ளியில் அவளுக்கென்று இருக்கும் சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் ஒட்டினாள். ஆற்றுப் பாலம் போதாது, ஏரிவரைக்குமே போகப் போவதாகச் சொன்னாள். தனியாகவா என்றேன். பின்னால்தான் வால் வருகிறாளே என்றாள்.

அந்த நாள் விடியலில் கிளம்பினாள். நான் மெத்தையின் இரண்டு பாதிகளையும் கவனித்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் போன் வந்தது. மலை உச்சியிலிருந்து பேசினாள். இறங்கிப் பார்த்தால் கேமரா அணைந்து கிடக்கிறது. வெயிலில் கண்ணாடி பளபளத்ததால் விளக்கு தெரியவில்லை. தொட்டால் சுடுகிறது. மெமரி கார்டை போனில் போட்டுப் பார்த்தாள், அடிவாரத்து முதல் வளைவோடு படம் முடிந்துவிட்டது.

"உங்க ஸ்பான்ஜ்தாங்க" என்றாள், கோபமில்லாமல்.

அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. சமதளத்தில் காற்று அடித்ததால் தப்பித்த கேமரா, ஏற்றத்தில் ஆமை வேகத்தில் போகும்போது, குளிர்காலத்துக்கென்றே செய்த என் முதல் தர ஸ்பான்ஜுக்குள் வெந்திருக்கிறது. சூட்டை வெளியே விடாது என்று எத்தனை வாடிக்கையாளர்களிடம் நானே சத்தியம் செய்திருக்கிறேன். மெத்தைக்காரன் வைத்தியம் பார்த்தால் இப்படித்தான் முடியும்.

பரவாயில்லை, அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு மீதியை எடு, வெட்டி ஒட்டிவிடலாம், அவளுக்குத் தெரியவா போகிறது என்றேன்.

"ஏத்தத்துலதாங்க முட்டி மடங்கணும்" என்று சொல்லி போனை வைத்தாள்.

ஸ்பான்ஜைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடிவாரம்வரை இறங்கி, ஏறிய மலையை மறுபடியும் ஏறினாள். கேபிள் ஆடிவிடக் கூடாதென்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்து ஒதுங்கி ஏறியிருக்கிறாள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, பகலில் என்பதுதான் ஆச்சரியம். ஏரியையும் தொட்டுவிட்டு, நன்றாக இருட்டிய பிறகு திரும்பி வந்தவள், கழற்றிய ஸ்பான்ஜை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு தடவை ஏறியதை வாலிடம் மூச்சுவிடக் கூடாது என்றாள். தெரிந்தால் அவள் அழுவாள், அழுதால் மிதிக்க மாட்டாள் என்பது அவள் கணக்கு.

மறுநாளிலிருந்து வால் தினம் கொஞ்ச தூரமாக அந்தப் பயணத்தைப் போனாள். திரையில் அக்காவின் முதுகு. முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆளில்லாத ரோட்டில் என் மனைவி பள்ளம் வந்தபோதெல்லாம் கையைக் கீழே நீட்டிக் காட்டியிருந்தாள். அவள் காட்டிய ஒவ்வொரு முறையும் வால், தாங்கியில் மாட்டிய சைக்கிளின் ஹேண்டில்பாரை ஒடித்து விலகினாள். வேகமாகப் போகாதே என்று திரையைத் திட்டினாள். துண்டு கொடிக்குப் போனது. பிசியோதெரபி அம்மாள் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

அப்புறம் ஒரு நாள் மலை வந்தது. என் மனைவி எதுவும் நடக்காதது போலக் கதவோரம் நின்றாள். நான் ஒரு பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். முதல் வளைவில், இரண்டு பதிவுகளும் ஒட்டிய இடத்தில், படம் ஒரு நொடி துள்ளிவிட்டுத் தொடர்ந்தது. நான் மூச்சுவிட்டேன். வால் மிதிப்பதை நிறுத்தினாள்.

"நிழல் இடது பக்கம் இருந்துச்சு. இப்ப வலது பக்கம் விழுது."

பேட்டரி மாற்றினேன் என்றாள் என் மனைவி.

"ரெண்டு தண்ணி பாட்டிலும் காலி. நீ உச்சிக்குப் போகாம ரெண்டாவது பாட்டில தொடவே மாட்ட. முதுகு வேற ஒரு பக்கமா சாயுது. மாமா, இவ ரெண்டு தடவ ஏறினாளா?"

நான் பத்திரிகையைப் பார்த்தேன். அது தலைகீழாக இருந்தது.

வால் அழுதாள். ஆனால் என் மனைவியின் கணக்கு தப்பிவிட்டது, அழுதுகொண்டே மிதித்தாள். அன்றைக்குச் சொல்லியிருந்த நேரம் முடிந்தது, போதும் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரையில் களைத்துப்போன ஒரு முதுகு கல்கல்லாகப் பார்த்து ஏறியது. பின்னால் ஒரு முழங்கால் மடங்கி மடங்கி ஏறியது. உச்சி வந்தது. திரையில் என் மனைவி நின்றாள், திரும்பிப் பார்க்காமல் இடது கையைத் தூக்கினாள். அப்படியே நின்றாள். காற்றில் சட்டை படபடத்தது, கை இறங்கவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நான் ரிமோட்டைத் தேடினேன்.

வால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள். "எவ்வளவு நேரம் இப்படிக் கையத் தூக்கிட்டே நிப்ப?"

"நீ மணியடிக்கிற வரைக்கும்" என்றாள் என் மனைவி.

வால் மணியடித்தாள்.